கைக்கருவியின் கனமும் அமானிதத்தின் கனமும்



மூன்றரைக் கிலோ எடையுள்ள ஓர் இரும்புத் துண்டு கைநழுவிக் கீழே விழுந்தால் என்ன நேரும்? பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் விழுந்தால் தரையில் சிறு பள்ளம் உண்டாகும். வேலை செய்பவர் குனிந்து எடுத்துக்கொண்டு தம் பணியைத் தொடர்வார். அவ்வளவுதான்!

ஆனால் 1980ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் மாலை, அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் விழுந்த ஓர் இரும்புத் துண்டு அப்படி அடங்கிவிடவில்லை. ஷாம் தேசத்துத் திமிஷ்க் நகரின் பெயரையே தாங்கி நிற்கும் டமாஸ்கஸ் என்ற சிற்றூருக்கு அருகே, பூமிக்கடியில் ஆழமான ஒரு கான்கிரீட் கிணறு. அதனுள் 'டைட்டன் 2' என்னும் பிரமாண்டமான ஏவுகணை. அதன் முனையில் 9 மெகாடன் ஆற்றலுடைய அணுகுண்டு. ஹிரோஷிமா நகரை 1945இல் பொசுக்கிய குண்டைப்போல் ஏறத்தாழ அறுநூறு மடங்கு!

இருபது வயதையொட்டிய இரு விமானப்படை வீரர்கள், நச்சுவாயு தாக்காத கனத்த உடையணிந்து அந்த ஏவுகணையின் அழுத்தத்தைச் சரிபார்க்க இறங்கியிருந்தனர். புதிதாக வந்திருந்த விதியின்படி மூடியைக் கழற்ற 'டார்க் ரெஞ்ச்' என்னும் கருவியைக் கொண்டு வந்திருக்க வேண்டும். அது வாகனத்திலேயே தங்கிவிட்டது. அணிந்த உடையோடு திரும்பிச் செல்ல நேரமாகும் என்று, கைவசமிருந்த பழைய 'ராட்செட்'டையே பயன்படுத்தினர். அதன் முனையிலிருந்த சாக்கெட் கழன்றது. மேடையின் இடுக்கு வழியே ஏறத்தாழ 80 அடி கீழே வீழ்ந்தது. மோதித் தெறித்து எரிபொருள் தொட்டியைத் துளைத்தது.

இரவு முழுவதும் எரிபொருள் பீறிட்டது. சுற்றியிருந்த மக்கள் வீடுகளை விட்டு அகற்றப்பட்டனர். உள்ளே பரவியிருந்த வாயுவின் அளவைப் பார்த்துவர இரு வீரர்கள் அனுப்பப்பட்டனர். மறுநாள் அதிகாலை மூன்று மணியளவில் ஏவுகணை வெடித்தது. கிணற்றின் வாயை மூடியிருந்த 740 டன் கதவு பிய்த்தெறியப்பட்டது. சென்ற இருவரில் ஒருவர் உயிர் நீத்தார். 21 பேர் காயமுற்றனர். தூக்கி வீசப்பட்ட அணுகுண்டு வெடிக்காமல் ஒரு பள்ளத்தில் கிடந்தது. அது வெடித்திருந்தால்...? எண்ணிப் பார்க்கவே நெஞ்சம் நடுங்குகிறது!

அணுவாயுதம் என்றதும் நாம் அதிபர்களையும் தளபதிகளையும் விஞ்ஞானிகளையுமே நினைக்கிறோம். அவர்களுடைய பெயர்கள் ஏடுகளில் வருகின்றன. ஆனால் அந்தப் பயங்கரப் பொருளை நாள்தோறும் தொட்டுத் துடைத்து, திருகாணி முடுக்கி, எண்ணிக் கணக்கெழுதி, ஓரிடத்திலிருந்து வேறோரிடத்திற்கு அனுப்பி வைக்கும் கரங்கள் சாதாரண வீரர்களுடையவை. அவர்களைப் பற்றியே இங்கு உங்களோடு சில செய்திகளைப் பகிர விழைகிறேன். ஓர் அமானிதத்தைச் சுமப்பது என்றால் என்ன என்பதை அவர்களுடைய வாழ்க்கை நமக்குத் தெளிவாகவே உணர்த்துகிறது.

பள்ளி முடித்த இளைஞனின் பயணம்

அமெரிக்க விமானப்படையில் இரு வகையினர் உண்டு. பட்டப்படிப்பு முடித்து ஆணை பெற்று வருவோர் அதிகாரிகள். பள்ளிப் படிப்போடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுச் சேர்வோர் சாதாரண வீரர்கள். அவர்களை 'ஏர்மேன்' என்று அழைக்கிறார்கள். பெற்றோர் இசைவு தந்தால் பதினேழு வயதிலேயே சேரலாம்.

டெக்சாஸ் மாநிலத்தின் லாக்லாந்து தளத்தில் சில வாரங்கள் அடிப்படைப் பயிற்சி. அதன் பின்னர் அணுவாயுதப் பராமரிப்புக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர், அதே மாநிலத்தின் ஷெப்பர்டு தளத்தில் தொழிற்பயிற்சி பெறுகிறார். பின்பு வடக்கு டக்கோட்டா, மொண்டானா, வயோமிங், லூசியானா, மிசௌரி என ஏதேனும் ஒரு மாநிலத்தின் தளத்திற்கு அனுப்பப்படுகிறார். வடக்கு டக்கோட்டாவின் குளிர்காலத்தில் வெளியே நின்றால் மூச்சே பனியாய் உறையும். அந்தக் குளிரிலும் வேலை நடந்தாக வேண்டும்.

அங்கே அவருடைய பணி யாது? ஆயுதங்களைச் சோதிப்பது, துரு ஏறாமல் காப்பது, மின்னிணைப்புகளைப் பரிசோதிப்பது, காலாவதியாகும் பாகங்களை மாற்றுவது. அணுவாயுதத்திற்கும் காலாவதியா என்று நீங்கள் வியக்கலாம். அதனுள் பயன்படும் 'ட்ரிட்டியம்' என்ற வாயு, 12 ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் சரிபாதியாகத் தேய்ந்துவிடும். ஆகவே, ஒருபோதும் பயன்படுத்தப்படாமல் கிடங்கில் உறங்கும் ஆயுதத்தையும் குறித்த காலத்தில் திறந்து, பழைய வாயுக்கலத்தை எடுத்துப் புதியதைப் பொருத்த வேண்டியிருக்கிறது. எவரும் பயன்படுத்திவிடக் கூடாதே என்று உலகமே அஞ்சும் ஒரு பொருளை, எந்நேரமும் பயன்படும் நிலையில் வைத்திருப்பதே அந்த இளைஞனின் உத்தியோகம். இருபது ஆண்டு முடிந்தால் ஓய்வூதியம். என்ன விந்தையான வாழ்க்கை!

இருவர், ஏடு, எழுத்து

இந்தப் பணியில் எவரும் தனியே நிற்க இயலாது. ஆயுதம் இருக்கும் அறையில் எப்போதும் குறைந்தது இருவர் இருத்தல் வேண்டும். அந்த இருவரும் ஒரே வேலையை அறிந்தவர்களாய், ஒருவர் தவறு செய்தால் மற்றவர் அக்கணமே கண்டுகொள்ளக் கூடியவர்களாய் இருத்தல் வேண்டும்.

ஒருவர் விதிநூலைத் திறந்து ஒவ்வொரு படியையும் உரக்க வாசிப்பார். மற்றவர் அதைச் செய்துவிட்டு, செய்தாயிற்று என்று விடையிறுப்பார். அதன் பின்னரே அடுத்த படி. நூறு முறை செய்த வேலையாயினும் மனப்பாடத்தில் செய்யக் கூடாது. பெட்டியில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் வடிவிலேயே வெட்டப்பட்ட ஒரு குழி இருக்கும். வேலை தொடங்கும் முன் எண்ணுவார்கள். முடிந்த பின் எண்ணுவார்கள். ஒரு குழி காலியாக இருந்தாலும் வேலை முடிந்ததாகக் கொள்ளப்படாது. இறுதியில் எல்லாம் எழுதப்பட்டுக் கையொப்பம் இடப்படும்.

இதைப் படிக்கையில் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று நீங்கள் அறிவீர்கள். 'அல்பகரா' அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சிகளை வைத்துக்கொள்வதையும் விரித்துப் பேசுகிறது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சலிப்புக் கூடாது என்கிறது. எழுத்தும் சாட்சியும் நம்பிக்கையின்மையின் அடையாளம் என்று நம்மில் பலர் கருதுகிறோம். "அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு?" என்று கேட்கிறோம். மனிதன் மறதியாளன் என்பதை அறிந்த இறைவன் மனிதனுக்குச் செய்த பேருதவி அது என்பதை உணர்வதில்லை.

வீட்டு வாசல் வரை வரும் கண்காணிப்பு

இத்தொழிலில் ஈடுபடுவோரின் அந்தரங்கமும் கண்காணிப்புக்குரியது. கடன் பெருகியதா, குடிப்பழக்கம் தொற்றியதா, கணவன் மனைவியரிடையே மனமுறிவா, உறக்கம் கெட்டதா, அத்தனையும் கவனிக்கப்படும். பல் வைத்தியர் வலிக்கு வீரியமான மாத்திரை தந்தாலும் தெரிவித்தாக வேண்டும். அது தீரும் வரை ஆயுதத்தின் அருகே செல்லத் தற்காலிகத் தடை விதிக்கப்படலாம். கலங்கிய மனத்தோடு இருப்பவர் கலங்காத கரத்தோடு வேலை செய்ய முடியாது என்பதே இதன் அடிப்படை.

அவருடைய இல்லத்தரசியின் நிலையை எண்ணிப் பாருங்கள் சகோதரிகளே! மாலையில் வீடு திரும்பும் கணவரிடம், "இன்று என்ன வேலை?" என்று கேட்டால் விடை கிடைக்காது. குறிப்பிட்ட ஓரிடத்தில் அணுவாயுதம் உண்டு என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது என்பது அந்நாட்டு அரசின் நெடுநாள் கொள்கை. ஆண்டுக்கணக்கில் ஒரே தட்டில் உண்டு, ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும், துணைவரின் பகற்பொழுது அவளுக்குப் பூட்டிய அறையாகவே இருந்துவிடுகிறது.

கருவியிலிருந்து கணக்கேட்டிற்கு

ஆண்டுகள் செல்லச் செல்ல வீரர் 'ஸ்டாஃப் சார்ஜென்ட்', 'டெக்னிகல் சார்ஜென்ட்', 'மாஸ்டர் சார்ஜென்ட்' என்று படிப்படியாய் உயர்கிறார். ஸ்பானர் பிடித்த கை மெல்ல மெல்லப் பேனாவைப் பிடிக்கிறது. சிலர் போக்குவரத்துத் திட்டப் பிரிவுக்கே மாறிவிடுகிறார்கள். எந்தப் பொருள், எத்தனை எடை, எந்த விமானத்தில், எந்த நாளில், எவர் பொறுப்பில் செல்ல வேண்டும் என்று வகுப்பதே அங்கு அவர்களுடைய பணி.

88 அங்குல அகலமும் 108 அங்குல நீளமும் கொண்ட அலுமினியத் தட்டுகளில் சரக்கை அடுக்கி வலைகளால் பிணைப்பார்கள். ஒரு தட்டு ஏறத்தாழ 4,500 கிலோ வரை தாங்கும். 'சி-17' என்னும் பெரிய விமானத்தில் அத்தகைய 18 தட்டுகள் கொள்ளும். எது முன்னால், எது பின்னால் என்பதை விமானத்தின் சமநிலை கெடாதபடி கணக்கிட வேண்டும்.

இதென்ன குமாஸ்தா வேலை என்று எண்ணிவிடாதீர்கள். 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்திலிருந்து இராணுவக் கவச வாகனங்களை ஏற்றிக்கொண்டு ஒரு தனியார் சரக்கு விமானம் கிளம்பியது. வாகனங்கள் உரியபடி பிணைக்கப்படவில்லை. விமானம் மேலெழுந்ததும் ஒரு வாகனம் கட்டறுத்துப் பின்னோக்கி நகர்ந்து, விமானத்தின் பின்பகுதி இயக்கக் கருவிகளைச் சிதைத்தது. விமானிகளால் எதுவும் செய்ய இயலவில்லை. விமானத்திலிருந்த ஏழு பேரும் மாண்டனர். கட்டு தளர்ந்தது தரையில். உயிர் போனது வானில்!

எவரும் பார்க்காத ஆறு குண்டுகள்

2007ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள். வடக்கு டக்கோட்டாவின் மைனாட் தளத்திலிருந்து பழைய ஏவுகணைகளை லூசியானாவின் பார்க்ஸ்டேல் தளத்திற்கு அனுப்பும் பணி நடந்துகொண்டிருந்தது. விமானத்தின் இரு இறக்கைகளின்கீழும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு ஏவுகணைகள். அணுகுண்டுப் பகுதியை அகற்றி, வெற்றுப் பகுதியைப் பொருத்திய பின்னரே அவற்றை அனுப்ப வேண்டும்.

ஒரு பக்கத்து ஆறும் ஒழுங்காய் இருந்தன. மறுபக்கத்து ஆறிலும் உண்மையான அணுகுண்டுகள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றும் ஹிரோஷிமா குண்டைப்போல் பத்து மடங்கு வரை ஆற்றல் உடையது.

ஏவுகணையின் உடலில், உள்ளே இருப்பது எது என்று பார்ப்பதற்கென்றே சிறு கண்ணாடித் துளை உண்டு. கிடங்கிலிருந்து எடுத்தவர்கள் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. இழுத்துச் சென்றவர்கள் சரிபார்த்திருக்க வேண்டும், செய்யவில்லை. விமானத்தில் ஏற்றியவர்கள் ஆராய்ந்திருக்க வேண்டும், ஆராயவில்லை. விமானக் குழுவினர் ஒருவர் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, மறுபக்கமும் அவ்வாறே இருக்கும் என்று கொண்டார். தமக்கு முன்னிருந்தவர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நம்பினர். அந்த ஒரு நம்பிக்கையில் அத்தனை விதிநூல்களும் வெறும் காகிதமாயின.

விமானம் இரவு முழுவதும் அணுவாயுதத்திற்குரிய தனிக்காவல் இன்றி நின்றது. மறுநாள் காலை ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர், ஊர்களுக்கும் வயல்களுக்கும் மேலே பறந்தது. பார்க்ஸ்டேல் தளத்தில் இறங்கிப் பல மணி நேரம் அங்கேயும் நின்றது. மொத்தம் 36 மணி நேரம், தன்னிடமுள்ள ஆறு அணுகுண்டுகள் எங்கே இருக்கின்றன என்பதையே உலகின் மிகப்பெரிய வல்லரசு அறியாதிருந்தது!

இறுதியில் இதைக் கண்டுபிடித்தது யார்? தளபதியும் அல்லர், மந்திரியும் அல்லர். பார்க்ஸ்டேல் தளத்தின் ஆயுதப் பராமரிப்புக் குழுவினர் அன்று இரவு சுமையை இறக்க வந்தனர். செய்ய வேண்டியதை அவர்கள் முறைப்படி செய்தனர், பார்த்தனர், ஐயுற்றனர், மேலிடத்திற்கு உரைத்தனர். அவ்வளவே. 36 மணி நேரமாக எவரும் செய்யாத ஒன்றை அவர்கள் செய்தார்கள்.

பெட்டி மாறிய கதை

இந்த அதிர்ச்சி அடங்குமுன் வேறொரு செய்தி வெளியாயிற்று. ஹெலிகாப்டருக்கான பாட்டரிகள் வேண்டுமென்று தைவான் நாடு கேட்டிருந்தது. 2006ஆம் ஆண்டு அமெரிக்கச் சேமிப்புக் கிடங்கு ஒன்றிலிருந்து பெட்டிகள் அங்கே சென்றன. உள்ளே இருந்தவையோ, கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையில் அணுகுண்டை வெடிக்கச் செய்யும் மின்கருவிகள் அடங்கிய முனைப்பகுதிகள்! அவற்றில் அணுப்பொருள் எதுவும் இல்லை என்பது ஆறுதல். ஆயினும் 2008ஆம் ஆண்டு மார்ச் வரை அவை திரும்பி வரவில்லை. இடையில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நடந்த கணக்கெடுப்புகள் எதிலும் அந்தக் குறை தென்படவில்லை. ஏடு நிறைந்திருந்தது, அலமாரி காலியாயிருந்தது!

மைனாட் நிகழ்ச்சியின் விளைவாக அறுபதுக்கும் மேற்பட்டோர் அணுவாயுதத்தைக் கையாளும் தகுதியை இழந்தனர். படைப்பிரிவின் தலைவர் உள்ளிட்ட அதிகாரிகள் பதவியிலிருந்து நீக்கப்பட்டனர். 2008 ஜூன் மாதம் விமானப்படைச் செயலர் மைக்கேல் வின், தலைமைத் தளபதி மைக்கேல் மோஸ்லி ஆகிய இருவரும் பதவி விலக நேர்ந்தது. அந்நாளையப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் அவர்களுடைய விலகலை ஏற்றார். கண்ணாடித் துளை வழியே பார்க்கத் தவறிய கண்களுக்கும் தலைமை நாற்காலிக்கும் உள்ள தொலைவு எவ்வளவு குறைவு!

எனினும் பழியெல்லாம் கடைநிலை வீரனுக்கே உரியதா? 2014ஆம் ஆண்டு வெளியான ஒரு செய்தியைக் கேளுங்கள். மூன்று தளங்களில் பரவியிருந்த 450 ஏவுகணைகளின் முனைப்பகுதியை முடுக்குவதற்குத் தேவையான தனிக்கருவிப் பெட்டி ஒன்றே ஒன்றுதான் பயன்பாட்டில் இருந்தது! அதைத் தனியார் கூரியர் மூலம் ஒரு தளத்திலிருந்து மறு தளத்திற்கு அனுப்பி, பகிர்ந்து வேலை செய்து வந்தார்கள் அந்த எளிய வீரர்கள். கோடானுகோடி டாலர் செலவிடும் அரசுக்கு ஒரு ஸ்பானர் பெட்டியின் தேவை பல ஆண்டுகள் கண்ணில் படவில்லை. அமானிதத்தைச் சுமக்கச் சொல்பவருக்கும், சுமப்பதற்கு வேண்டியதைக் கொடுக்கும் கடமை உண்டல்லவா?

எதனைப் போற்றுவது? எதனை வெறுப்பது?

அணுவாயுதத்தைக் காப்பவனின் கவனத்தை நாம் போற்றலாமா என்ற வினா உங்கள் உள்ளத்தில் எழுந்திருக்கும். நியாயமான வினாவே. பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லாதீர், கனி தரும் மரங்களை வெட்டாதீர் என்று தம் படையினருக்கு அறிவுறுத்தியவர் முதல் கலீபா அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள். குழந்தையென்றும் முதியவரென்றும் மரமென்றும் பாராமல் ஒரு நகரத்தையே சாம்பலாக்கும் கருவிக்கு அந்த நெறியில் இடமேது? 1967இல் அமெரிக்காவிடம் 31,255 அணுகுண்டுகள் இருந்தன. 2023 செப்டம்பரில் அது 3,748 ஆகக் குறைந்திருந்தது. குறைந்தது நன்று, இல்லாமற் போவதே மிக நன்று. அந்த நாள் வரும் வரை, அவை தவறி வெடிக்காதிருப்பது அந்த வீரர்களின் கவனத்தைப் பொறுத்தே இருக்கிறது என்பதும் மறுக்க முடியாத உண்மை.

எம்பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து மதீனா செல்லப் புறப்பட்ட இரவை நினைவுகூருங்கள். ஊரே கொலைவாளோடு சூழ்ந்திருந்தது. அந்த ஊரார் தம்மிடம் ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் திருப்பித் தருவதற்காக அலீ (ரலி) அவர்களை அங்கேயே விட்டுச் சென்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். பகைவனின் பொருளாயினும் அமானிதம் அமானிதமே. உயிருக்கு ஆபத்தான அவசரத்திலும் கணக்குத் தவறவில்லை. வாகனத்தில் தங்கிவிட்ட கருவியை எடுத்துவர நேரமில்லை என்று நினைத்த அந்த இளைஞர்களின் அவசரம் இதற்கு முன் எம்மாத்திரம்?

பெற்றோர்களே! நம் பிள்ளைகளுள் ஒருவர் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார். ஒருவர் வளைகுடா நாட்டுக் கிடங்கில் பெட்டிகளை எண்ணுகிறார். ஒருவர் பேருந்தின் சக்கரத்தை முடுக்குகிறார். ஒருவர் பள்ளிவாசலின் கணக்கெழுதுகிறார். அவர்களுக்கு ஒன்றை இளமையிலேயே கற்றுக் கொடுங்கள்: முன்னவர் பார்த்திருப்பார் என்று விடாமல், உன் கண்ணால் பார். நினைவை நம்பாமல் எழுது. தவறிவிட்டால் மறைக்காமல் உடனே சொல். சொல்லும் பிள்ளையை அடிக்காமல், அதட்டாமல் அரவணைப்பது நம் கடமை. தவற்றைச் சொல்ல அஞ்சும் வீட்டில் வளரும் பிள்ளை, நாளை பணியிடத்திலும் வாய்மூடி நிற்கும்.

அணுவளவு செயலும் மறுமையில் கணக்கிற்கு வரும் என்று நம்புகிற சமுதாயம் நாம். நம் கரங்களில் ஒப்படைக்கப்பட்ட எதுவும் சிறியதன்று. அமானிதங்களைப் பேணும் நன்மக்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் ஆக்கி, பேரழிவுக் கருவிகளின் தீங்கிலிருந்து மனித இனம் முழுவதையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.